ஒழுங்கான அழுக்கு

அண்ணிக்கு அலுவலகத்தில் சலவையக்கா என்று பெயர். அவள் துவைப்பது துணியை அல்ல, சத்தத்தை. வானொலி நிலையத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்டிலிருந்து இறங்கி நடந்து கால் வலித்த பிறகு வருகிற கடைசி அறை அவளுடையது. ஜன்னல் உண்டு, திறக்காது. வெளியிலிருந்து வருகிற ஒலிப்பதிவு எதுவானாலும், அமைச்சர் பேச்சோ ஆட்டுக்குட்டி கத்தலோ, அந்த அறையில் ஒருமுறை கழுவப்பட்ட பிறகுதான் காப்பகத்துக்குள் போகும்.

கழுவுவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். அந்த நிலையத்தில் ஒலியை ஏழு ஏழு புள்ளிகள் கொண்ட கட்டங்களாக மெமரி கார்டில் எழுதுவார்கள். ஏழில் நான்கு ஒலிக்கு, மூன்று காவலுக்கு. ஏழில் ஒன்று கெட்டுப்போனால், எது கெட்டது என்று அந்த மூன்று காவலும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒலிக்கும் கருவி அதைத் தானே சரிசெய்துகொள்ளும். கேட்பவர் காதுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கார்டில் அந்தப் பிழை அப்படியே உட்கார்ந்திருக்கும். நாளைக்கு அதே கட்டத்தில் இன்னொன்றும் கெட்டால் காவல் கையை விரித்துவிடும். அதனால் வந்த அன்றே கார்டைக் கழுவி, பிழையைத் திருத்தி எழுதி, அதிலிருந்து ஒரு நகலைக் காப்பகத்துக்கு எடுத்துக்கொண்டு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

கழுவி முடித்ததும் இயந்திரம் ஒரு பட்டியலை அச்சடித்துத் துப்பும். எந்தக் கட்டத்தில், ஏழில் எத்தனையாவது இடத்தில் பிழை இருந்தது என்று இரண்டு வரிசை எண்கள். வெளியாள் கொண்டுவந்த கார்டு என்றால் பட்டியலின் ஒவ்வொரு தாளிலும் அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி; நிலையத்துக் கார்டுகள் பியூன் கையில் வந்துபோகும். அதன்பின் அந்தப் பட்டியலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அண்ணி மட்டும் தேதி போட்டுக் கயிறு கட்டி இரும்பு அலமாரியில் அடுக்கிவைப்பாள். அழுக்குக்குக் கணக்கு வைக்கிற ஆள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்று கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கென்று ஒரு குறுகுறுப்பு இருந்தது. பதினோரு வருடமாக அது மண்டைக்குள் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் கொழுந்தன் அதே நிலையத்தில் ஒலிப்பதிவாளன். மழை, காற்று, ரயில், படிக்கட்டில் ஓடும் கால்கள் என்று நாடகங்களுக்கு வேண்டிய சத்தங்களைத் தேடி அலைந்து பிடித்து வருவான். அவன் அனுப்பும் ஒவ்வொரு கார்டிலும் ஆயிரம் பிழைக்குக் குறையாது. மற்றவர்கள் கார்டில் பிழை வந்தால் கும்பலாக வரும், ஓரிடத்தில் அப்பிக்கொண்டு நிற்கும். இவனுடையதோ ஆரம்பத்திலேயே தொடங்கி, கட்டத்துக்கு ஒன்றாக, வரிசையில் நின்று டிக்கெட் வாங்குகிற மாதிரி வரும். ஒரே கட்டத்தில் இரண்டு என்று ஒருநாளும் வந்ததில்லை. இவ்வளவு ஒழுங்கான அழுக்கை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவனிடம் கேட்டிருக்கலாம். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. ஆனால் தன் ஒலிப்பதிவுக் கருவியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு திரிகிறவனிடம், உன் மிஷின் ஓட்டை என்று எந்த வாயால் சொல்வது? கட்டிக்கொண்டு வந்த வீட்டில் அவளிடம் முதலில் முகம் கொடுத்துப் பேசியவன் அவன்தான். மனம் நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு ஒவ்வொரு கார்டையும் பளிச்சென்று கழுவிக் கொடுத்தாள். கூடப் பிறந்த தம்பியாக இருந்தால் என்றைக்கோ முகத்துக்கு நேரே கேட்டிருப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வெளியாள் ஒருவர் வந்தார். விளம்பரங்களுக்குச் சத்தம் விற்கிற ஒரு நிறுவனத்தின் மேலாளர். இஸ்திரி கலையாத சட்டை. இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்கச் சொன்ன கார்டு, முதலில் இங்கே வரவேண்டும் என்றார்கள் என்று நீட்டினார். அண்ணி வாங்கிக் கழுவினாள். பட்டியல் வளர்ந்துகொண்டே போயிற்று. கட்டத்துக்கு ஒன்று, வரிசையாக. அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஆக, கொழுந்தன் மிஷின் மட்டும் ஓட்டை இல்லை.

"இத்தனை பிழையா?" என்றார் மேலாளர், பட்டியலின் நீளத்தைப் பார்த்து.

"உங்க மிஷினும் அந்தப் பழைய மாடல்தான் போல. கவலைப்படாதீங்க, எல்லாத்தையும் எடுத்தாச்சு. ஒவ்வொரு தாள்லயும் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள். அவர் போட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் விஷயம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கொழுந்தன் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் தொடாமல் இருந்தான். அண்ணியின் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்; ஊரில் பாதிப்பேர் பார்வையைச் சரிசெய்பவருக்குத் தம்பி முகம் வாடியிருந்தது மட்டும் கண்ணில் படவில்லை. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

"என்னாச்சு தம்பி?" என்றாள் அண்ணி.

"என்னைத் திருடன்னு எழுதிக் குடுத்திருக்காங்க அண்ணி."

போன மாதம் ஒரு நாடகத்தில் அவனுடைய மழைச் சத்தம் ஒலிபரப்பானது. அது எங்கள் மழை, எங்கள் கிடங்கிலிருந்து திருடியது என்று அந்த நிறுவனம் புகார் கொடுத்திருந்தது. மூல கார்டு இதோ என்று அதையும் சேர்த்துக் கொடுத்திருந்தது. உண்மையில் நடந்தது தலைகீழ். மூன்று வருடம் முன்பு, மழையைப் பதிந்த அதே வாரம், கார்டு மூன்றாவது மாடிக்குப் போகும் முன்பே, கேட்டுப் பார்த்துப் பிடித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று அந்த மேலாளர் அவனிடம் ஒரு நகல் வாங்கிப் போனார். பிறகு வேண்டாம் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. திருட்டு உறுதியானால் வேலை போகும். இருக்கிற நாலு நிலையத்துக்கும் சேதி போய்விடும். அதற்குப் பிறகு அவன் கருவியைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலிலும் நிற்க முடியாது.

"மழை எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும். உன்னுதுன்னு எப்படிக் காட்டுவ?" என்றார் வீட்டுக்காரர். முதல்முறையாக அவர் சரியான கேள்வி கேட்டிருந்தார்.

கொழுந்தன் அப்போதுதான் லேசாகச் சிரித்தான். "அதுக்குத்தாண்ணா ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவங்க குடுத்த கார்டுலயே என் பேரு இருக்கு."

தட்டிலிருந்த ரொட்டித் துண்டைக் கிள்ளி ஏழு துணுக்குகளாக மேசைமேல் வரிசை வைத்தான். "ஏழுல ஒண்ணு கெட்டா கருவி தானே சரிபண்ணிக்கும், கேக்கறவங்களுக்குத் தெரியாது. இல்லையா? அப்ப, நானே வேணும்னு ஒண்ணக் கெடுத்து வச்சா? சத்தத்துக்கு ஒரு கேடும் இல்ல. ஆனா எந்த இடத்தக் கெடுத்தேங்கறது ஒரு எண். ரெண்டு கட்டம் சேர்ந்தா ஒரு எழுத்து. உயிர், மெய், எண், புள்ளி எல்லாம் ஒரு அட்டவணைல அடுக்கி வச்சிருக்கேன். என் ஒவ்வொரு பதிவோட ஆரம்பத்துலயும் பேரு, தேதி, இடம் எல்லாம் எழுதிருவேன். அவங்க கார்ட அப்படியே நகல் எடுத்துருக்காங்க. பிழையோட சேர்த்துத்தான் எடுத்திருப்பாங்க. வெள்ளிக்கிழமை அவங்க கார்டையே போட்டு, பிழையப் படிங்கன்னு சொல்லப் போறேன்."

அண்ணி கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. பதினோரு வருட எறும்பு ஊர்வதை நிறுத்திய கணம் அது.

"அந்தக் கார்ட நான் கழுவிட்டேன்" என்றாள்.

"எத?"

"நேத்து அந்த மேலாளர் கொண்டுவந்தாரு. கழுவித்தான் மேல அனுப்பினேன்."

"நகலத்தான கழுவுவீங்க? கார்டு அப்படியேதான இருக்கும்?"

"கார்டையே கழுவுவோம் தம்பி. அதுக்கப்புறம்தான் நகல்."

மூன்றாவது மாடியில் நடப்பது ஒலிப்பதிவாளர்கள் யாருக்கும் தெரியாது. கார்டு போகும், வரும், முன்போலவே ஒலிக்கும். அதற்குமேல் அவன் பார்த்ததில்லை. அவன் எழுந்து அறைக்குப் போய் மழைப் பதிவின் தன்னுடைய கார்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தான். கேள்வி அவன் முகத்தில் இருந்தது.

"அதையும்தான்" என்றாள் அண்ணி. "பதினோரு வருஷமா எல்லாத்தையும். உன் மிஷின் ஓட்டைன்னு நெனச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு..."

வீட்டுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரகசியம்னு நீ சொல்லல. பாவம்னு இவ கேக்கல. நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் தொடாத தட்டுகளை எடுத்து உள்ளே வைத்தார். கொழுந்தன் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் ஏழு ரொட்டித் துணுக்கையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

புதன்கிழமை காலை வழக்கம்போல வேலைக்கு வந்தாள். நிறுவனத்திடம் இன்னொரு நகல் கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்டால் உஷாராகிவிடுவார்கள். கார்டில் அழித்ததை மீட்கலாமா? அவள் இயந்திரம் அரைகுறையாகத் துடைக்கிற இயந்திரம் அல்ல; அதைப் பற்றி அவளே எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். யோசித்துக்கொண்டே திங்கட்கிழமைப் பட்டியலைக் கயிறு கட்டி அலமாரியில் வைக்கப் போனாள். கயிற்றை முடிச்சுப் போடும்போது முதல் தாளில் கண் நின்றது.

கட்டம் ஒன்று, இடம் மூன்று. கட்டம் இரண்டு, இடம் ஆறு. கட்டம் நான்கு, இடம் இரண்டு.

எந்த இடத்தைக் கெடுத்தேன் என்பது ஒரு எண் என்று நேற்று அவன் சொன்னான். எந்த இடத்தைத் திருத்தினேன் என்று இயந்திரம் எழுதிவைத்திருக்கிறது. இரண்டும் ஒரே எண் அல்லவா? துடைத்து எறிந்த அழுக்கு முழுவதும் அவள் கையில் அச்சடித்து இருந்தது, மேலாளரின் கையெழுத்தோடு. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு நாலு தடவை போன் செய்து கொழுந்தனை மேலே வரவழைத்தாள்.

அவன் அட்டவணையோடு வந்தான். எட்டு வரிசை, எட்டு பத்தி, அறுபத்து நாலு கட்டத்தில் எழுத்துகள். பட்டியலிலிருந்து இரண்டிரண்டு எண்ணாக எடுத்துப் படித்தான். முதல் எழுத்து வந்தது. அடுத்ததிலிருந்து உளறல். மூன்று தாள் போயும் ஒரு சொல்கூடத் தேறவில்லை. அவன் பென்சிலைக் கீழே போட்டான்.

"மெஷின் வேற எதையோ கலந்திருச்சு அண்ணி."

"எம் மெஷின் அப்படிப் பண்ணாது." அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பதினோரு வருடம் இந்த எண்களோடு குடும்பம் நடத்தியவள் அவள். "இங்க பாரு. ஒண்ணு, ரெண்டு, நாலு. மூணாங் கட்டம் எங்க?"

"அதுல பிழை இல்ல போல."

"பிழை இல்லாத கட்டத்த மெஷின் எழுதாது. நீ அந்தக் கட்டத்தச் சும்மா விட்டியா, வேணும்னு விட்டியா?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். அட்டவணைக்கு எட்டு வரிசை. கெடுக்கவோ ஏழு இடம்தான் உண்டு. எதையுமே கெடுக்காமல் விட்டால் அதுதான் எட்டாவது, அதற்குப் பூஜ்யம் என்று பேர். எழுதியவனே மறந்துவிட்டிருந்தான். அண்ணி விட்டுப்போன கட்டங்களுக்கெல்லாம் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டாள். மறுபடி படித்தார்கள். அவன் பெயர் வந்தது. ஒவ்வொரு எழுத்தாக, மெய்யும் உயிருமாகச் சேர்ந்து வந்தது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

தேதி வந்தது. மாலை நாலு இருபது. மாடி, தகரக் கூரை. அதற்குமேல் அவன் பென்சிலை நிறுத்தித் தாளை மடித்தான்.

"இன்னும் நெறைய இருக்கே தம்பி."

"அது அதேதான், மூணு தடவ எழுதியிருக்கும். நடுவுல நிஜமாவே ஒரு பிழை விழுந்து ஒண்ணு கெட்டாலும், மத்த ரெண்டும் சாட்சி சொல்லும்ல?"

"மூணுல ஒண்ணே இன்னும் முடியல."

"போதும் அண்ணி. பேரும் தேதியும் போதும்." அவன் காது சிவந்திருந்தது. அவள் விட்டுவிட்டாள், ஆனால் எறும்பு மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இயக்குநரின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். இயக்குநர் அம்மாள் கணக்குப் பாடம் படித்துவிட்டு வானொலிக்கு வந்தவர், அதிகம் பேசமாட்டார். கொழுந்தன் தன் கதையைச் சொல்லி முடித்ததும் மேலாளர் சிரித்தார்.

"மேடம், கார்டுல ஒண்ணும் இல்ல. இவங்க குப்பைத்தொட்டிலேர்ந்து ஒரு காகிதத்த எடுத்து வந்து சாட்சிங்கறாங்க. அதுவும் சொந்த அண்ணி கையால."

அண்ணி எழுந்தாள். "ஒவ்வொரு தாள்லயும் தேதி, மணி மெஷினே போட்டது. திங்கட்கிழமை பதினொன்னு பத்து. கீழ இருக்கற கையெழுத்து சாரோடது. அன்னைக்கு எனக்குப் புகார் இருக்கறதே தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா கழுவியிருப்பேனா?"

இயக்குநர் கையெழுத்தைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். பிறகு அட்டவணையைக் கேட்டு வாங்கினார். கொழுந்தன் தான் படித்துவைத்த தாளை நீட்டினான். "அது வேண்டாம். நானே பாக்கறேன். முழுசா பாக்கறேன்" என்றார் அவர். கொழுந்தன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

முக்கால் மணி நேரம் அந்த அறையில் பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு இடத்தில் எழுத்து பிசகியது. இயக்குநர் அடுத்த இரண்டு பிரதிகளைத் தேடி ஒப்பிட்டு, தானாகவே சரிசெய்துகொண்டு, சின்னப் பெண் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். டீ வந்து ஆறியது. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உரக்கப் படித்தார். பெயர். தேதி. மாலை நாலு இருபது, மாடி, தகரக் கூரை. பிறகு:

"நாலாவது நிமிஷம் அண்ணி கூப்பிட்டாங்க. உள்ள வா தம்பி, நனையாதன்னு. சத்தத்துல இருக்கக் கூடாது, வெட்டிட்டேன். தூக்கிப் போட மனசு வரல. அதனால இங்க வச்சிருக்கேன்."

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இயக்குநர் மேலாளர் பக்கம் திரும்பினார். "இது உங்க பதிவுன்னா, நாலாவது நிமிஷம் நீங்க எத வெட்டினீங்க?"

"நாங்க எதையும் வெட்டல மேடம். தொடர்ச்சியான பதிவு."

இயக்குநர் அவர்களுடைய கார்டையே கருவியில் போட்டு நாலாவது நிமிடத்துக்கு ஓட்டினார். தகரத்தில் மழை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு இடத்தில், காத்துக்கொண்டிருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி, தாளம் ஒரு சொட்டு தாண்டியது. திருப்பி ஓட்டினார். மறுபடியும் தாண்டியது. எங்கள் அலுவலகத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்றார் மேலாளர். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று இயக்குநர் தாளை நகர்த்தினார். புகாரை எடுத்து, மேசைமேலிருந்த பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

அண்ணிக்கு லிஃப்ட் வரும்வரை பொறுமை இல்லை. படியேறித் தன் அறைக்குப் போனாள். பின்னாலேயே கொழுந்தன் வந்தான். அவள் இரும்பு அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருடப் பட்டியல்கள், கயிறு கட்டி, தேதி போட்டு.

"இது எல்லாத்துலயும் வெட்டினது இருக்கா?"

"இருக்கும் அண்ணி. அண்ணன் தும்மினது, கீழ்வீட்டுக் குழந்தை அழுதது, அம்மா போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பேசினது. சத்தத்தோட வச்சா வேலைக்கு ஆகாது. எழுத்தாவாவது இருக்கட்டுமேன்னு." அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "இனிமேலும் கழுவுங்க. பட்டியல மட்டும் தூக்கிப் போட்டுராதீங்க" என்றான்.

அவள் மேல்தட்டிலிருந்து முதல் பட்டியல் கட்டை எடுத்து மேசைமேல் வைத்துக் கயிற்றை அவிழ்த்தாள். அட்டவணைக்காகக் கையை நீட்டினாள். அவன் கொடுத்தான்.

"நான் கூப்பிட்டது எனக்கு ஞாபகமே இல்ல தம்பி" என்றாள், சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டே.

"மூணு தடவ கூப்பிட்டீங்க அண்ணி" என்றான் அவன். "நான்தான் வரல."